சம்பந்தி வீட்டாரோடு ஒரு பஃபே

மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் பஃபே என்று சொன்னதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது என் கணவரின் வலது கைதான்.

"வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டு, பிள்ளையை உடுத்தி நிப்பாட்டிப் பாக்கிற வேலையெல்லாம் எனக்குப் பிடிக்காது அக்கா," என்றார் அவர். "நாங்கள் வவுனியாவில தங்கி நிக்கிற ஹோட்டல்ல ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஃபே இருக்கு. எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுக் கதைப்பம். வாங்கோ."

அவர்கள் கனடாவிலிருந்து ஒரு மாத விடுமுறையில் வந்திருந்தார்கள். சாதகம் பொருந்தியிருந்தது. படங்கள் பார்த்தாயிற்று. நேரில் சந்திப்பது ஒன்றுதான் மிச்சம். "ஓம், வாறம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்க் கதிரையில் இருந்துவிட்டேன். அடுப்பில் சோறு கொதித்து வழிந்தது. எழும்பி மூடியைத் திறக்க மனம் வரவில்லை.

இவருக்குக் கை நடுங்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. முதலில் வலது கை மட்டும்தான். பிறகு இடது கையும் கொஞ்சம். வயலில் மண்வெட்டி பிடிக்கும்போது ஒன்றும் தெரியாது. எங்கள் ஊர் ஸ்கந்தபுரத்திலிருந்து கிளிநொச்சி வரை மோட்டார் சைக்கிளும் ஓடுவார். ஆனால் ஒரு கரண்டியோ தேத்தண்ணிக் கோப்பையோ கையில் எடுத்தால் போதும், கை தன் பாட்டுக்கு ஆடும். யாரும் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். வீட்டில் நான் அரைக் கோப்பைதான் ஊற்றிக் கொடுப்பேன். விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைக் குழைத்து வைத்தால் கையால் அள்ளிச் சாப்பிட்டுவிடுவார். கலியாண வீடுகளுக்குப் போனால் முகம் காட்டிவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிடுவோம்.

இந்த விசயத்தை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவில்லை. சம்பந்தம் பேசிய தரகர்தான் தடுத்தார். "இப்ப ஏன் அதைச் சொல்லுவான்? நிச்சயமானாப் பிறகு மெதுவாச் சொல்லலாம்" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. என் மகளுக்கு முப்பது வயதாகப் போகிறது. புதுக்குடியிருப்பில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள், கிழமை நாட்களில் அங்கேயே ஒரு அறையில் தங்குகிறாள். அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் ஏற்கெனவே குழம்பி நின்றுபோயிருந்தன. கை நடுக்கத்தை முதலே சொல்ல வேண்டும் என்றுதான் அவள் பிடிவாதமாக நின்றாள். இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருந்தாள். மூன்றாம் நாள், "சரி அம்மா, உங்கட இஷ்டம்" என்று விட்டுவிட்டாள். இவர் ஒன்றுமே சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இவருக்கு நானே சவரம் செய்துவிட்டேன். கன்னத்தில் ரேசரை வைத்துக்கொண்டே திட்டம் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, நீங்கள் மேசையை விட்டு எழும்ப வேண்டாம். கால் நோகுது எண்டு சொல்லுங்கோ. நான் கொண்டுவந்து தாறன். சூப் வேண்டாம். தேத்தண்ணியும் வேண்டாம்."

"அப்ப நான் என்னத்துக்கு வாறன்?" என்று கேட்டார்.

"தகப்பன் வராமல் என்னெண்டு?"

அவர் மற்றக் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.

பஸ்ஸில் மகள் யன்னல் பக்கம் இருந்தாள். நான் நடுவில். வழியெல்லாம் அதே திட்டத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓமந்தையைத் தாண்டினோம். யுத்த காலத்தில் அங்கேயிருந்த சோதனைச் சாவடியில் சாமான்களோடு வரிசையில் நின்று, பைக்குள் இல்லாத ஒன்றுக்காகப் பயந்தது போலவே இருந்தது. இந்த முறை மறைக்க உண்மையாகவே ஒன்று இருந்தது.

ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபம் குளிரூட்டப்பட்டது. உள்ளே போனதும் வேர்வை முதுகில் சில்லிட்டது. மாப்பிள்ளையும் தாயும் தகப்பனும் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை படத்தில் இருந்ததைவிட மெலிவு. என் மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உடனே இவருக்காகக் கதிரையை இழுத்துவிட்டான். தாய் வெண்மஞ்சள் நிறத்தில் மெல்லிய பட்டுச் சேலை உடுத்தியிருந்தார். அந்தச் சேலையை நான் இப்போதும் மறக்கவில்லை.

மண்டபத்தின் ஒரு பக்கம் முழுவதும் சாப்பாடு. மூடி போட்ட பெரிய பாத்திரங்கள், கீழே சின்ன நெருப்பு. ஒரு வரிசையில் எங்கள் ஊர்ச் சாப்பாடும் சீனச் சாப்பாடும்: சம்பா சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், ஃபிரைட் ரைஸ், நூடில்ஸ், காரமான கணவாய் டெவில். அடுத்த வரிசையில் வெள்ளைக்காரச் சாப்பாடு: சூப், வெள்ளைக் குழம்பில் பாஸ்டா, மசித்த உருளைக்கிழங்கு, முழுசாக வாட்டிய கோழி, பாண், பட்டர், பழங்கள். மூலையில் உயரத் தொப்பி வைத்த ஒருவர் முட்டை அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் சாப்பாட்டுக் கோப்பைகளைப் பார்த்தேன். பெரிய, தட்டையான, பாரமான வெள்ளைப் பீங்கான் கோப்பைகள். விளிம்பே இல்லை.

"முதல்ல நீங்கள் எடுங்கோ," என்று நான் எழும்பினேன். "இவருக்குக் கால் கொஞ்சம் நோகுது. இவருக்கு நான் கொண்டுவந்து குடுக்கிறன்."

மாப்பிள்ளையின் தகப்பன் விடவில்லை. நல்ல மனிசன், உரத்துச் சிரிப்பவர். "அதெப்பிடி? பஃபேயில ஆம்பிளையள் கண்ணால பாத்து எடுக்காட்டில் பிறகு என்ன! வாங்கோ அண்ணை, மெதுவா ஒரு சுத்து சுத்துவம்" என்று இவருடைய தோளில் கை போட்டு எழுப்பிவிட்டார். இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழும்பினார். பிள்ளைகள் இருவரும் அப்பம் சுடுகிற இடத்துக்குப் போனார்கள். மாப்பிள்ளையின் தாய் என் கையைப் பிடித்துச் சீனச் சாப்பாட்டு வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மகள் எத்தனை மணிக்கு எழும்புவாள், சமைப்பாளா, குளிர் தாங்குவாளா. என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. என் கண் முழுக்க அடுத்த வரிசையில். இவர் ஒரு கோப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். சூப்பைத் தாண்டினார். குழம்பைத் தாண்டினார். ஒரு துண்டுப் பாணை எடுத்து வைத்தார். பிறகு ஒரு வாழைப்பழம். சிந்தாதது, உருளாதது எது என்று தேடித் தேடி எடுக்கிறார் என்று எனக்கு விளங்கியது. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் தகப்பன் பாஸ்டாவைக் காட்டி ஏதோ சொல்லி, பெரிய கரண்டியை எடுத்து இவரிடம் நீட்டினார்.

என் கையில் ஒரு கோப்பை நிறைய நூடில்ஸும் அதன்மேல் கணவாய்க் குழம்பும். மாப்பிள்ளையின் தாய்தான் அள்ளி வைத்தவர்.

அப்போதுதான் படாரென்று ஒரு சத்தம். குசினிக் கதவடியில் ஒரு பரிசாரகர் கரண்டித் தட்டைக் கீழே போட்டுவிட்டார். அது எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. அந்த நொடிக்குள் இவர்தான் போட்டுவிட்டார் என்று நான் துடித்துத் திரும்பினேன். என் கையிலிருந்த கோப்பை சரிந்து மாப்பிள்ளையின் தாயின் மேல் கவிழ்ந்து, கீழே விழுந்து மூன்றாக உடைந்தது.

சிவப்புக் குழம்பு அவருடைய இடுப்பிலிருந்து கால்வரை வழிந்தது. நூடில்ஸ் கொசுவத்தில் தொங்கியது. மண்டபம் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஐயோ" என்று குனிந்து என் முந்தானையால் துடைக்கப் போனேன். குழம்பு இன்னும் பரவியது.

"பரவாயில்லை அக்கா, விடுங்கோ, விடுங்கோ. சூடு இல்லை" என்று அவர் என்னை நிமிர்த்தினார். குரல் அன்பாகத்தான் இருந்தது. ஆனால் முகம் மாறியிருந்தது. பரிசாரகர்கள் வந்து கூட்டினார்கள். என்னை மேசைக்குக் கூட்டிவந்து இருத்தினார்கள். எல்லாரும் ஓடி வந்தார்கள். யாரோ தண்ணீர் தந்தார்கள்.

மாப்பிள்ளையின் தாய் சேலையை ஒரு துவாயால் ஒற்றிக்கொண்டே எனக்கு முன்னால் இருந்தார். "அக்கா, குறை நினைக்காதேங்கோ. உங்களுக்கு ஏதும் வருத்தம், நோய் இருக்கோ? கை நல்லா நடுங்குது."

உண்மைதான். என் கை மேசைமேல் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு வழி திறந்தது போல எனக்குப் பட்டது. யோசிக்கவே இல்லை.

"ஓம், எனக்குப் பிரஷர்," என்றேன். "இடைக்கிடை இப்பிடித்தான்."

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்போது இவர், மேசைக்குக் கீழே மடியில் பூட்டி வைத்திருந்த கைகளை வெளியே எடுத்தார். வலது கையை வெள்ளை மேசைத் துணியின்மேல் வைத்தார். அது ஆடியது. பக்கத்தில் இருந்த கரண்டி கோப்பையில் பட்டுக் கிண்கிணென்றது.

"இவாக்கு ஒரு பிரஷரும் இல்லை," என்றார். "வருத்தம் எனக்கு. நான் கோப்பையைப் போட்டுடுவன் எண்டு பயந்து என்னையே பாத்துக்கொண்டு நிண்டவா. அதுதான் தன்ர கோப்பையை விட்டவா."

கரண்டி மட்டும் சத்தம் போட்டது. அவர் கையை எடுக்கவில்லை.

"எவ்வளவு காலமா அண்ணை?" என்று மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டார்.

"அஞ்சாறு வரியமா. கிளினிக்கில குளிசை தாறவை. உயிருக்கு ஒண்டும் இல்லையாம்."

மாப்பிள்ளையின் தாய் துவாயை மடித்தார். "பரம்பரையா வாறதோ?"

இல்லை என்று சொல்லச் சொல்லி நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"சில பேருக்குப் பரம்பரையா வருமாம், சில பேருக்குச் சும்மாவும் வருமாம்," என்றார் இவர். "என்ர அப்பா இளமையில செத்தவர். அவருக்கு வந்திருக்குமோ எண்டு எனக்குத் தெரியாது."

"முதலே சொல்லியிருக்கலாம்," என்று அந்தத் தாய் மெதுவாகச் சொன்னார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திராது.

"ஓம் அன்ரி," என்றாள் என் மகள். "சொல்லாமல் விட்டது பிழைதான். அம்மாவை மட்டும் ஏசாதேங்கோ. நானும் சேர்ந்துதான் மறைச்சனான்."

மாப்பிள்ளை இவரைப் பார்த்து, "அங்கிள், இதால உங்களுக்கு என்ன வேலை கஷ்டம்?" என்று கேட்டான். ஒரு வைத்தியரைப் போலவும் இல்லை, இரக்கப்பட்டும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"தேத்தண்ணி குடிக்கிறதும் கையெழுத்து வைக்கிறதும்," என்றார் இவர். "மற்றபடி ரெண்டு ஏக்கர் வயலும் நான்தான் செய்யிறன்."

தாய் சேலை மாற்ற அறைக்குப் போனார். திரும்பி வர வெகுநேரம் எடுத்தது. நாங்கள் மழையைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் கதைத்தோம். நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. இவருடைய பாணும் வாழைப்பழமும் அப்படியே இருந்தன. பிரியும்போது அவர்கள் மரியாதையாகத்தான் வழியனுப்பினார்கள். "நாங்கள் கதைச்சுப்போட்டுச் சொல்லுறம்" என்றார் தாய். முந்தைய இரண்டு சம்பந்தங்களும் அதே வார்த்தையோடுதான் முடிந்திருந்தன.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் ரோல்ஸும் பிளேன்டீயும் எடுத்தோம். கடைக்காரர் கோப்பையை நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார். பாதியை என் கோப்பையில் ஊற்றப் போனேன். இவர் தடுத்தார். நிறைந்த கோப்பையை அப்படியே தூக்கினார். பாதி சட்டையில் சிந்தியது. மிச்சத்தைக் குடித்தார்.

"என்னைப் பற்றி நீர் பயப்பிடுறது எனக்குத் தெரியும்," என்றார். "ஆனா என்னால வெக்கப்படுறீர் எண்டது இண்டைக்குத்தான் தெரிஞ்சது."

அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்னது பாதி உண்மை. மகள் எழும்பி கடைக்கு வெளியே போய் நின்றாள். நான் அங்கேயே அழுதேன். இவர் என்னைத் தேற்றவும் இல்லை, எழும்பிப் போகவும் இல்லை. பஸ் வரும் வரை பக்கத்திலேயே இருந்தார்.

ஒன்பது நாள் அழைப்பு வரவில்லை. கைபேசியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டே திரிந்தேன். கிணற்றடிக்கும் கொண்டுபோனேன். பத்தாம் நாள் காலை மாப்பிள்ளையின் தாய் அழைப்பு எடுத்தார்.

"அக்கா, ஒளிக்காமல் சொல்லுறன். எனக்குச் சரியான கோபம் வந்தது. வருத்தத்துக்கில்லை, மறைச்சதுக்கு. எங்கட இவர் ஒரு டொக்டரிட்டயும் கேட்டுப் பாத்தவர். வந்தாலும் வரலாம், வராமலும் விடலாம் எண்டவராம். மகன் தனக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கு எண்டுறான். பிள்ளையின்ர தகப்பனையும் பிடிச்சிருக்காம்." பிறகு சொன்னார், "இனி ஏதும் இருந்தால் என்னட்ட நேராச் சொல்லுங்கோ."

"ஓம்," என்றேன்.

மகள் உடனே சம்மதிக்கவில்லை. அவனோடு தானே கதைக்க வேண்டும் என்றாள். இரண்டு மாதம் தொலைபேசியில் கதைத்தார்கள். பிறகு அவன் கனடாவிலிருந்து திரும்பி வந்துதான் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, நடந்தது. விசாவுக்கு இன்னும் காத்திருக்கிறாள். இப்போதும் புதுக்குடியிருப்பில்தான் படிப்பிக்கிறாள், வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வருவாள்.

போன கிழமை விறாந்தையில் இருந்து பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் கதவடியில் நின்று சிவப்புப் பேனை பிடித்த அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா பாக்கிறீங்கள்?" என்று நிமிராமலே கேட்டாள்.

"பயமாக் கிடக்கு பிள்ளை," என்றேன். "உனக்கும் வந்திடுமோ எண்டு."

"எனக்கும் இடைக்கிடை அந்தப் பயம் வாறதுதான்," என்றாள். இன்னொரு கதிரையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த தாளை எடுத்தாள்.