சோறு குறித்து ஒரு புகார்க் கடிதம்

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் எனக்கு ஒரு கௌரவப் பதவி உண்டு. மேசை கிடையாது, நாற்காலி கிடையாது. மளிகைக் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றபடியே பார்க்கிற உத்தியோகம். புதுச்சேரிக்காரன், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன், வீடு முழுக்கப் புத்தகம் வைத்திருப்பவன் என்ற தகுதிகளால், இந்த வட்டாரத்தின் புகார்க் கடிதங்களை நான்தான் எழுதுகிறேன்.

"அண்ணை, மேல்வீட்டுக்காரனுக்கு ஒரு கடிதம் போட வேணும். வாசிச்ச உடன கை நடுங்க வேணும்" என்பார் கடைக்காரர்.

"பதிவுத் தபாலா?"

"ஓம் ஓம், கையெழுத்து வைச்சு எடுக்கிற மாதிரி. இஞ்சை வேற எதுக்கும் பயப்பட மாட்டாங்கள்."

உண்மைதான். பிரான்சில் பதிவுத் தபாலில் போகாத கோபத்தை யாரும் கோபமாக மதிப்பதில்லை. இந்த ஞானத்தோடுதான் நான் செனகலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கணினி வேலை கையை விட்டுப் போனதும், நாற்பத்தேழு வயதில் செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்தேன். முதல் நாள் என்னைப் பேராசிரியர் என்று நினைத்து வகுப்பே அமைதியானது. அங்கே எனக்குக் கிடைத்த கடைசி மரியாதை அது. இரண்டாம் ஆண்டில் பத்து வாரம் வெளிநாட்டு மருத்துவமனையில் 'ஸ்தாஜ்', அதாவது பயிற்சி. எனக்கு அமைந்தது செனகலில் ஒரு சின்ன ஊர்.

வார்டின் தலைமைச் செவிலியரை அங்கே 'மேஜர்' என்றுதான் அழைப்பார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்த பெண்மணி. குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. முதல் நாளே என் பெயர் அட்டையைப் பார்த்தார். அதில் இருந்த எழுத்துகளை எண்ணி முடிக்கும் பொறுமை அவருக்கு இல்லை. அந்த ஊர்க் குடும்பப் பெயர் ஒன்றை அந்த இடத்திலேயே எனக்குச் சூட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். வரவேற்பு என்று நினைத்து நானும் சிரித்தேன்.

காலையில் புண்களுக்குக் கட்டுப் பிரித்துக் கட்டுவதும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் என் வேலை. அழுத்தம் பார்க்கும் முன் நோயாளியின் வீட்டார் ஒவ்வொருவரையும் நலம் விசாரித்தாக வேண்டும். விசாரிக்காவிட்டால் அழுத்தம் தானாக ஏறிவிடும். மதியம் ஒரு பெரிய தாம்பாளத்தில் மீன்சோறு வரும். ஆறேழு பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருப்பதை மட்டும் சாப்பிட வேண்டும். நான் தமிழன். பிசைந்தேன், உருட்டினேன். சற்று நேரத்தில் என் பங்கு முடிந்து கை எல்லை தாண்டியிருந்தது.

"அரிசியை ஒளிச்சு வைங்க, இவன் வந்துட்டான்!" என்றார் மேஜர்.

மறுநாள் ஒரு நோயாளியிடம், "இவன் ஊசி போட வரலை, சோத்துக்கு வந்திருக்கான்" என்றார். மருந்தாளரிடம், "பாரிஸ்ல அரிசி தீர்ந்துபோச்சாம், அதான் இவனை இங்கே அனுப்பிட்டாங்க." நான்காவது முறை சொன்னது வார்டு முழுவதற்கும் கேட்டது.

மூன்றாவது வார வெள்ளிக்கிழமை, மதிய உணவைப் புறக்கணித்து, பசியோடு மருத்துவமனை இயக்குநருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். பசி என் நடைக்கு நல்லது. 'எனது சோற்றுக் கொள்ளளவு குறித்து, சாட்சிகள் முன்னிலையில், நான்கு தனித்தனிச் சந்தர்ப்பங்களில்' என்று தொடங்கி, 'குடியரசின் விழுமியங்கள்' வழியாக, 'தங்கள் மேலான நடவடிக்கையை எதிர்நோக்கி' என்று முடித்தேன். இயக்குநர் வெளியூர், திங்கள் காலைதான் வருவார். செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் போடச் சொல்லி, நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை மேஜர் என் அறைக் கதவைத் தட்டினார். "துணியை எடுத்து வை. எங்க மாமா இறந்து நாளைக்கு எட்டாம் நாள். எங்க ஊருக்கு வா. தனியா இங்கே உட்கார்ந்து என்ன செய்யப் போறே?"

மறுக்கத் தெரியாதது என் பிறவிக் கோளாறு. போனேன்.

ஏழு பேர் ஏறினால்தான் கிளம்பும் பழைய கார். கூரையில் ஓர் ஆடு. வழியெல்லாம் மேஜர் எனக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கடலைக்கும் நான் முறைப்படி நன்றி சொன்னேன்.

சனிக்கிழமை துக்க வீட்டில் எல்லோரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தபோது, ஒரு பெரியவர் உள்ளே வந்து தரையில் பிணம்போல நீட்டிப் படுத்துக்கொண்டார். "செத்தது நிஜம்தானா? என் பங்குச் சோத்தையும் தின்ன ஆள் ஆச்சே, சும்மா படுத்திருக்கப் போறான்!" என்று கத்தினார். அடிதான் விழப்போகிறது என்று நான் சுவரோரம் நகர்ந்தேன். இறந்தவரின் மனைவி முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தவர், அப்படியே சிரித்தார். எட்டு நாளில் அன்றைக்குத்தான் சிரித்தாராம்.

"யார் இவர்?" என்று மேஜரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"எங்க குடும்பத்தைக் கேலி பண்ண உரிமை உள்ள குடும்பம். அவங்க எங்களைச் சோத்துராமன்னு சொல்லணும், நாங்க அவங்களைச் சொல்லணும். சொல்லாம விட்டாத்தான் மரியாதைக் குறைச்சல். உனக்கு வேற எதுக்கு அவங்க பேரை வெச்சேன்னு நினைச்சே? மூணு வாரமா உன்னைச் சீண்டறேன், நீ ஒரு தடவையாவது திருப்பிச் சொன்னியா? உனக்கு என்னைப் பிடிக்கலையோன்னு நினைச்சேன்."

மச்சான் முறைக் கேலியில் ஊறி வளர்ந்தவன் நான். என் கல்யாணத்தில் மைத்துனர்கள் என்னைச் சொன்னதோடு ஒப்பிட்டால் மேஜர் சொன்னதெல்லாம் வாழ்த்துப் பா. அது எனக்கு உறைக்க ஒரு மனிதர் சாக வேண்டியிருந்தது. அதற்குள் கடிதம் முத்திரையோடு இயக்குநர் மேசையில் இருந்தது. இருபது வருடமாக அந்த வார்டைத் தாங்கி நிற்கிற பெண், என்னை உறவாக்கிக்கொண்ட பெண், திங்கட்கிழமை காலை குற்றவாளியாக நிற்கப் போகிறார்.

ஞாயிறு மதியமே கார் நிறுத்தத்துக்கு ஓடினேன். ஆறு பேர் இருந்தோம். மாலை வரை ஏழாவது ஆள் வரவில்லை. "என்ன அவசரம்? சோறு ஆறிடுமா?" என்று மேஜர் கேட்டார். திருப்பிச் சொல்ல அது நல்ல தருணம்தான். நான் சாலையில் ஏழாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

திங்கள் விடிந்து கிளம்பி, ஒன்பது மணிக்கு வார்டுக்குள் நுழைந்தோம். நடுவில் நின்று இயக்குநர் என் கடிதத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். 'சோற்றுக் கொள்ளளவு' என்ற இடத்தில் மருந்தாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கட்டுப் போட்ட கால்களோடு நோயாளிகள் கட்டிலைத் தட்டினார்கள்.

"மேஜர்! இத்தனை வருஷத்துல உங்களுக்கு இப்படி ஒரு பதிலடி யாரும் கொடுத்ததில்லை. முத்திரை வேற வாங்கியிருக்கான்!" என்றார் இயக்குநர், கண்ணைத் துடைத்தபடி.

மேஜரும் சிரித்தபடி கடிதத்தை வாங்கிப் படித்தார். முத்திரைக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. வெள்ளிக்கிழமைத் தேதி. கேலி முறையை அவர் எனக்கு விளக்கியது சனிக்கிழமை. அந்த வார்டில் இந்தக் கணக்கைப் போடக்கூடியவர்கள் இருவர்தான்; அவர் நிமிர்ந்து இன்னொருவனைப் பார்த்தார். நான் என் காலணியைப் பார்த்தேன்.

"சாட்சிகள் பேரை எழுதலையே, சோத்துராமா" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை அறிவிப்புப் பலகையில் தாமே குத்தினார். முத்திரையின் மேல் சரியாக விழும்படி தடுப்பூசி அட்டவணையைத் தொங்கவிட்டார்.

"உங்க வீட்டுக் காலிப் பானைதான் சாட்சி" என்றேன். என் முதல் கேலி. சுமார்தான்.

பத்தாவது வார முடிவில் என் மதிப்பீட்டுத் தாளில் அவர் கையெழுத்திட்டார். 'எழுத்துமூலத் தகவல் தெரிவித்தல்' என்ற வரிசையில் எனக்கு முழு மதிப்பெண். பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு: 'தேதிகளில் கவனம் தேவை.'