வியாழக்கிழமைக்காரர்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெர்னன் கிம்பர் சர்ச் ஹாலின் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி உள்ளே பார்ப்பார். உள்ளே கௌபாய் தொப்பி வைத்த ஓய்வூதியப் பெண்மணிகள் வரிசை கட்டி நின்று, இடுப்பில் கைவைத்து, காலை முன்னும் பின்னும் தட்டி ஆடிக்கொண்டிருப்பார்கள். "இன்னிக்கும் ஆடுதுங்க பாரு" என்று பல்லைக் கடிப்பார். கண்ணாடியில் படிந்த மூச்சைக் கோட்டுக் கையால் துடைத்துவிட்டு, தபால்தலை வாங்க வந்தவர் மாதிரி அடுத்த தெருவுக்குள் நுழைந்துவிடுவார். இவர் தங்களைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்து, அந்தப் பெண்மணிகளில் இருவர் வியாழக்கிழமைகளில் உதட்டுச் சாயம் பூச ஆரம்பித்திருக்கிறார்கள்.

பாவம், அவர்களுடைய ஆட்டத்தில் வெர்னனுக்கு ஒரு அக்கறையும் கிடையாது. அது நிற்க வேண்டும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் ஓட்டு என்றால் வியாழக்கிழமை. எஸ்ஸெக்ஸ் கடலோரத்தில் அவருடைய தெருவுக்கு ஓட்டுச்சாவடி இந்த ஹால். ஆகவே என்றைக்கு ஒரு வியாழக்கிழமை ஆட்டம் ரத்தாகிறதோ, அன்றைக்கு இரண்டாவது வாக்கெடுப்பு வந்துவிட்டது என்று பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா என்று நாட்டை மறுபடி கேட்பார்களா மாட்டார்களா என, தொலைக்காட்சியில் பேராசிரியர்கள் அம்புக்குறி போட்டு விளக்குவதை அவர் மதிப்பதேயில்லை. "அவனுங்களுக்கு என்ன தெரியும்? ஹால் சாவி கிளெனிஸ்கிட்ட இருக்கு. அவளைத் தாண்டி எந்தப் பிரதம மந்திரியும் ஓட்டு நடத்திட முடியாது."

வெளியில் அவர் பேச்சு வேறு. 'ஆங்கர்' மதுக்கடையில் அவர் 'வெளியேறுவோம்' கட்சியின் தளபதி. இரண்டாவது வாக்கெடுப்பு என்று யாராவது வாயெடுத்தால் முதலில் மேசையைக் குத்துகிற கை அவருடையது. "ஒரு தடவை கேட்டாச்சு, பதிலும் சொல்லியாச்சு. பதில் புடிக்கலேன்னு திரும்பக் கேப்பானுங்களா? நான் என் பொண்டாட்டிகிட்ட அப்படிக் கேட்டுட முடியுமா?" கடையே சிரிக்கும். யாராவது ஒரு கோப்பை வாங்கிக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ரேடியோவைத் திருப்பி, அந்தத் துரோகம் எவ்வளவு தூரத்தில் வந்துகொண்டிருக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்.

மறு ஓட்டு கேட்டு லண்டனில் ஊர்வலம் போகிற நாட்களில் அவரைப் பார்க்கச் சகிக்காது. தொலைக்காட்சிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, "தேசத்துரோகிங்க, தேசத்துரோகிங்க" என்று முனகிக்கொண்டே, கூட்டம் போதுமா என்று பார்ப்பார். "பாலத்துப் பக்கம் காலியா இருக்கே! இந்த லட்சணத்துல இவனுங்க எப்படிக் காரியத்தை முடிப்பானுங்க?"

மனைவி மோரீன் பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பாள்: "எதிரி கூட்டம் குறைஞ்சா உனக்கு ஏன் மூஞ்சி தொங்குது, வெர்ன்?"

"உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். அந்த ஊரில் அந்த ரகசியம் தெரிந்த உயிர்கள் நான்கே நான்கு: வெர்னன், மோரீன், சிரில் டல்லி, சிரிலின் நாய். ரகசியம் இதுதான். 2016 ஜூனில் நடந்த முதல் வாக்கெடுப்பில் வெர்னன் ஓட்டே போடவில்லை. அவர் பக்கம் ஜெயித்தது, அவர் இல்லாமல்.

சிரில் டல்லியைப் பற்றிச் சொல்லாமல் வெர்னனின் கோபத்தைச் சொல்ல முடியாது. இருவரும் ஒரே பேருந்தில் வேலை பார்த்தவர்கள். வெர்னன் ஓட்டுநர், சிரில் நடத்துநர். நடத்துநர் மணியை ஒரு தடவை அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு தடவை அடித்தால் எடுக்க வேண்டும். முன்னால் தனிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. மணிக்குக் கீழ்ப்படிவதுதான் அவருக்கு வேலை. ஓய்வு பெற்ற பிறகும் நகராட்சி வாடகைக்கு விடும் காய்கறித் தோட்டத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகள். வெர்னன் வேலை முடிந்தும் கிளம்பாமல் நின்றால் சிரில் நாக்கால் "டிங் டிங்" என்று அடிப்பார். வெர்னனின் கால் தானாக நகரும். அந்தக் காலையே வெட்டிப் போட்டுவிடலாமா என்று அவருக்குத் தோன்றும்.

வாக்கெடுப்பு நாளன்று எஸ்ஸெக்ஸில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். தோட்டத்துத் தகரக் கொட்டகையில் இருவரும் ஒதுங்கியிருந்தபோது சிரில் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துச் சொன்னார்: "நீ வெளியேறுவோம், நான் இருப்போம். உன் ஓட்டை என் ஓட்டு தின்னுடும், என்னோடதை உன்னோடது தின்னுடும். இதுக்கு ரெண்டு கிழவனும் நனைஞ்சு நிமோனியா வாங்கணுமா? பார்லிமெண்ட்ல பண்ற மாதிரி ஜோடி கட்டிக்கலாம், வெர்ன்." நாடாளுமன்றத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவர் பேசிவைத்துக்கொண்டு இருவருமே ஓட்டுக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள், கணக்கு மாறாது. கனவான்களின் ஏற்பாடு. கைகுலுக்கினார்கள். சாயங்காலம், "நாயைக் கொஞ்சம் வெளியே கூட்டிட்டுப் போறேன்" என்று சிரில் எழுந்து போனார்.

ஓட்டுச்சாவடி வாசலில் கட்டிப்போட்ட நாய்களைப் படம் பிடித்துப் போடுவதில் இந்த நாட்டுக்கு ஒரு பைத்தியம் உண்டு. மறுநாள் காலை, ஜெயித்த செய்தியைப் படிக்க உள்ளூர்ப் பத்திரிகையைப் பிரித்த வெர்னன், உள்பக்கத்தில் அந்தப் படங்களைப் பார்த்தார். மூன்றாவது படத்தில், சர்ச் ஹால் கம்பிவேலியில் கட்டப்பட்டு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சிவப்புக் கட்டம் போட்ட மழைச்சட்டையில் சிரிலின் நாய் அட்மிரல் உட்கார்ந்திருந்தது. அந்தச் சட்டையைத் தைத்தவள் மோரீன். வேறு நாயாக இருக்க வழியில்லை.

"நாயை வெளியே கூட்டிட்டுப் போறேன்னுதான் சொன்னேன்" என்றார் சிரில். "எங்கேன்னு நீ கேக்கலையே, வெர்ன்."

அன்று சாயங்காலம் 'ஆங்கரில்' வெற்றிக் கொண்டாட்டம். வெர்னனைத் தோளில் தூக்காத குறை. ஊரார் வாங்கிக் கொடுத்ததையெல்லாம் கஷாயம் குடிப்பதுபோல் குடித்தார். ஏமாந்துவிட்டேன் என்று யாரிடம் போய்க் கத்துவது? ஓட்டுப் போடாத தளபதி என்று சிரிப்பார்கள். தோற்றிருந்தாலாவது ஒப்பாரி வைத்திருக்கலாம்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். 1975-லும் இதே கேள்வியை நாட்டிடம் கேட்டார்கள்: பொதுச் சந்தையில் இருப்பதா, வேண்டாமா? வெர்னனுக்கு அப்போதே வேண்டாம் என்றுதான் மனசு. கடைசிப் பயணம் முடிந்து பேருந்தைப் பணிமனையில் விட்டபோது சிரில் தோளில் கைபோட்டுக்கொண்டு வெண்ணெய் விலை, பிள்ளைகள் எதிர்காலம், உலக சமாதானம் என்று காதில் ஓதினார். வெர்னன் போய் 'இருப்போம்' கட்டத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தார். அந்தப் பெருக்கல் குறியை அழிக்க நாற்பத்தொரு வருடம் காத்திருந்தார். அழிக்கிற நாள் வந்தது, மழையும் வந்தது, டீயும் வந்தது. "பென்சில் என் கையில, மணி அவன் கையில" என்பார் மோரீனிடம். "நாப்பது வருஷமா என் ஓட்டை அந்த ஆளுதான் போட்டுட்டிருக்கான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நானே போட்டுட்டுச் சாகணும்."

மோரீன் அன்றைக்கு மழையிலேயே குடை பிடித்துக்கொண்டு போய் ஓட்டுப் போட்டுவிட்டு, வரும் வழியில் மீனும் வாங்கி வந்தவள். எந்தப் பக்கம் போட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. "ரகசிய ஓட்டுன்னா புருஷனுக்கும் ரகசியம்தான்" என்று ஊசியை மாற்றிக்கொள்வாள்.

அந்த நாளுக்காக வெர்னன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நீலப் பேனா வைத்திருக்கிறார். சாவடியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பென்சிலை அவர் நம்புவதில்லை. உளவுத்துறை அழித்துவிடும் என்கிறார். வாரம் ஒருமுறை உள்ளங்கையில் பெருக்கல் குறி போட்டு மை வருகிறதா என்று பார்த்துக்கொள்வார். கை கழுவும்போது அந்த ஒரு இடத்தை மட்டும் தேய்க்க மாட்டார்.

சிரிலோடு பேச்சு இல்லை. பக்கத்துப் பாத்தி என்பதால் தவிர்க்க முடியாதவற்றை நாய் மூலமாகப் பேசிக்கொள்வார்கள். "அட்மிரல், தண்ணிக் குழாயை மூடச் சொல்லு உங்க ஆளை." "அட்மிரல், அது அவர் திறந்ததுன்னு சொல்லு." நாய் யார் பேசினாலும் வாலை ஆட்டும். சிரில் தன் கொட்டகை மேல் ஐரோப்பாவின் நீலக் கொடியைக் கட்டி, லண்டன் ஊர்வலம் ஒன்று விடாமல் போய்வந்தார். போகும் காலையில் வெர்னன் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து அவரை மனதாரச் சபிப்பார். கால் வலிக்காமல் நடந்து முடிக்க வேண்டுமே என்று கவலையும் படுவார்.

இந்த 2019-ஆம் வருடம் மார்ச் கடைசியில் வெளியேறியிருக்க வேண்டிய நாடு வெளியேறவில்லை. தேதி தள்ளிப்போனது. அடுத்த வியாழக்கிழமை வெர்னன் போனபோது ஹால் கதவில் கிளெனிஸ் ஒரு அறிவிப்பு ஒட்டிக்கொண்டிருந்தாள்: 'மே 2, வியாழன், நடன வகுப்பு இல்லை. ஓட்டுப்பதிவு.'

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. "மிஸ்டர் கிம்பர், உங்க குல்லா!" என்று கிளெனிஸ் பின்னால் கத்தினாள். குல்லா தரையில் கிடந்தது. வெர்னன் தோட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

"அட்மிரல்!" என்றார் மூச்சிரைக்க. "உங்க ஆள்கிட்ட சொல்லு. வருது. மே ரெண்டாம் தேதி. ஹாலை எடுத்துட்டாங்க!"

உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்த சிரில் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "எது வருதாம்னு கேளு, அட்மிரல்."

"கொடி புடிச்சுட்டுப் போறானுங்களே, அது! இந்தத் தடவை எவன் டீ ஊத்தினாலும் குடிக்க மாட்டேன். கதவு திறக்கறப்போ முதல் ஆளா நிப்பேன்."

"அட்மிரல், ஐயா சந்தோஷமா இருக்கற மாதிரி தெரியுதே. இது வரக் கூடாதுன்னுதானே 'ஆங்கர்'ல மேசையைக் குத்துறாரு?"

"மேசை என்ன உங்கப்பன் வீட்டுதா?"

சிரில் மண்வெட்டியை வேலியில் சாய்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அதுதான் வெர்னனுக்கு இன்னும் எரிந்தது. "அட்மிரல், பக்குவமாச் சொல்லு. அது கவுன்சில் தேர்தல். மே மாசம் எப்பவும் வர்றதுதான். குப்பை அள்றதுக்கு ஆள் தேர்ந்தெடுக்கறாங்க."

வெர்னன் எதிரே இருந்த வாளியை உதைத்தார். அது அவருடைய வாளி. உரத்தண்ணீர் முழுக்க அவருடைய வெங்காயப் பாத்தியிலேயே கொட்டியது.

"அறுநூத்தம்பது பேரு பார்லிமெண்ட்டுக்குள்ள உக்காந்திருக்கானுங்க!" என்று கத்தினார், நாயிடமா, வானத்திடமா தெரியவில்லை. "அது வேணாம், இது வேணாம், எதுவுமே வேணாம்னு ஒரே ராத்திரியில எட்டு ஓட்டுப் போடுறானுங்க. மறுவாரம் மறுபடி போடுறானுங்க. ஒருத்தனும் நனையறதில்ல. அவனுங்க மட்டும் கை வலிக்கப் போடலாம், எனக்கு ஒண்ணே ஒண்ணு கிடையாதா? ஒண்ணு! என்னோட ஒண்ணு!"

நாய் எழுந்து உட்கார்ந்தது. சிரில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நாற்பது வருடப் பழக்கம், முடியவில்லை. "அட்மிரல், இதுக்கும் ஜோடி கட்டிக்கலாமான்னு கேளு. டிங் டிங்."

மே இரண்டாம் தேதி மழை இல்லை. மோரீன் காலையிலேயே போய்வந்துவிட்டாள். நடனம் தொடங்கும் அதே பத்து மணிக்கு, கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கிளெனிஸ் திருப்பிக் கொடுத்த குல்லாவோடு வெர்னன் ஹாலுக்குப் போனார். கம்பிவேலியில் அட்மிரல் கட்டிக் கிடந்தது. உள்ளே மேசையருகே சிரில் முகவரி சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் ஓட்டுச்சீட்டு வாங்கவில்லை. பக்கத்து மேசையில் வெர்னன் முந்திக்கொண்டு வாங்கி, காலியாக இருந்த ஒரே தடுப்புக்குள் நுழைந்தார்.

குப்பைக்கும் சாலைப் பள்ளத்துக்கும் பொறுப்பேற்கத் துடிக்கும் சிலருடைய பெயர்கள் சீட்டில் இருந்தன. அவற்றை அவர் படிக்கவில்லை. அடியில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. நீலப் பேனாவை எடுத்து அங்கே இரண்டு கட்டங்கள் வரைந்தார். கோணலாக வந்த ஒரு பக்கத்தை மறுபடி நேராக்கினார். ஒன்றின் எதிரே 'இருப்போம்' என்றும் மற்றதன் எதிரே 'வெளியேறுவோம்' என்றும் பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் எழுதினார். எண்ணுகிற இடத்தில் இதைச் செல்லாதவற்றோடு தூக்கிப் போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது கட்டத்தில் மூலைக்கு மூலை தொடும்படி பெருக்கல் குறி போட்டார். மை நன்றாக வந்தது. காயட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னால், சீட்டோடு காத்திருந்த ஒருவர் நாக்கைத் தட்டினார். "டிங் டிங்."

வெர்னனின் கால் ஒரு அங்குலம் நகர்ந்தது. பிறகு நின்றுவிட்டது. பேனாவை மூடிப் பையில் செருகினார். நூலில் தொங்கிய பென்சிலை எடுத்து, அதன் கூர்முனையைப் பலகையில் வைத்து, அது ஒடிந்து தெறிக்கும்வரை நிதானமாக அழுத்தினார். இருந்த இடத்திலேயே அதைத் தொங்கவிட்டுவிட்டுத் தடுப்புக்கு வெளியே வந்து, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டு, சிரில் டல்லியின் எதிரே நின்று, மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் குல்லாவைக் கழற்றி வணக்கம் சொன்னார்.