மைக் போடாத மாணவி

இன்று சிங்காநல்லூரில் காங்கேயம் பஸ் ஏறினேன். பக்கத்தில் மில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் போனில் ஏதோ வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன படிக்கறே கண்ணு?”

“படிக்கறதெல்லாம் இல்லீங்க்கா. ஆன்லைன்ல பி.காம். சேந்திருக்கேன், முதல் வருசம் பாஸுங்க. காலேஜுக்குப் போறவங்கதானுங்க படிக்கறவங்க.”

சிரித்துக்கொண்டே இயர்போனில் ஒன்றை எனக்கும் தந்தாள்.

“சுகன்யா, லாப நட்டக் கணக்குல தேய்மானம் எந்தப் பக்கம் வரும்?” ஆசிரியர் கேட்டார்.

“டெபிட்டுங்க சார்,” என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தாள். மைக் அணைந்திருந்தது.

“மைக்கைப் போடு கண்ணு.”

“பஸ் சத்தம் கேக்குமுங்க. எல்லாரும் சிரிப்பாங்க.”

அவர் மறுபடி கூப்பிட்டார். பிறகு, “போனை வெச்சுட்டு வேற வேலை பாக்கறவங்க எதுக்குப் படிக்க வர்றீங்க?” என்றார். அவள் பதிலைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே வகுப்பிலிருந்து நீக்கிவிட்டார்.

என்னிடமிருந்து இயர்போனை வாங்கிச் சுருட்டினாள்.

“நான் படிக்கறவ இல்லைன்னு நாஞ் சொல்லலீங்களா? சாருக்கும் தெரிஞ்சிருக்குது.”

பல்லடம் தாண்டியும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

சார், நீங்கள் யாரென்று தெரியாது. இந்தப் பதிவு கண்ணில் பட்டால் அவளை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் சரியாகத்தான் சொன்னாள். கேட்டது உங்கள் வகுப்பில் சேராத நான் ஒருத்திதான்.