என் பொண்டாட்டி டைப் ஒண்ணாக்கும்

எனக்குச் சுகர்னு சொன்னப்போ வீட்டுல யாரும் அழல. பொண்டாட்டி சிரிச்சா. "கடையில மிஞ்சுன போண்டாவ எல்லாம் வயித்துல கொட்டுனா பின்ன என்ன வரும்?"னா. நான் கேரளாவுல, விழிஞ்ஞத்துல, துறைமுக வேலைக்காரங்க வந்து திங்கிற ஓட்டல்ல பொரோட்டா மாஸ்டர். சொந்த ஊரு நாகர்கோயில் பக்கம். மாவு உருண்டையையும் என்னையும் பக்கத்துல வச்சா எது மாஸ்டர்னு முதலாளிக்கே சந்தேகம் வரும்.

பொறவு அவளுக்கும் தாகம் எடுக்க ஆரம்பிச்சுது. செம்பு செம்பா தண்ணி குடிச்சா, குடிச்சதும் பாத்ரூமுக்கு ஓடுனா. அவளே வைத்தியமும் பாத்துக்கிட்டா. என் மாத்திரை அட்டையில இருந்து காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எங்க வீட்டுல சீப்பும் ஒண்ணு, சோப்பும் ஒண்ணு, மாத்திரையும் ஒண்ணு. சுகருல தினுசு உண்டுன்னு எனக்கு யாரு சொல்லித் தந்தா? நான் பள்ளிக்கூடத்துல படிச்சது மத்தியானச் சோறு மட்டும்தான்.

மாத்திரை தின்னும் எளைச்சுக்கிட்டே போனா. வளையல் முழங்கைக்கு ஏறிடுச்சு. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே, "சேச்சி ஏது மருந்நா கழிக்குன்னே?"ன்னு, என்ன மருந்து சாப்பிடுறான்னு கேட்டா. இவ பையில இருந்து என் அட்டைய எடுத்து நீட்டிட்டா. அந்தப் பொண்ணு டப்டப்புன்னு அடிச்சுப் போட்டா. என்ன அடிச்சான்னு பொறவுதான் தெரிஞ்சுது. பழைய சுகர்காரி, டைப் டூ. மாத்திரைய எந்த டாக்டரு எழுதுனதுன்னு அவளும் கேக்கல, நாங்களும் சொல்லல.

அதுக்கப்புறம் டாக்டருங்க எல்லாம் கம்ப்யூட்டரத்தான் பாத்தாங்க. "டைப் டூதானே, டோஸ் கூட்டாம்." இன்னொருத்தரு, "சோறு கொறைக்கணும் கேட்டோ." என்னப் பாத்துச் சொல்ல வேண்டியத அவகிட்ட சொன்னாங்க. நானும் சிகிச்சைக்கு ஒத்தாசையா அவ தட்டுச் சோற எடுத்து என் தட்டுல போட்டுக்கிட்டேன்.

ஒரு மத்தியானம் வாந்தி எடுத்தா. மூச்சு இழுத்து இழுத்து விட்டா. வாயில அழுகுன பழம் மாதிரி ஒரு வாடை. ஆட்டோவுல போறப்போ கண்ணு சொருகிடுச்சு. "ஏட்டி, ஏட்டி"ன்னு கன்னத்துல தட்டிக்கிட்டே போனேன். அன்னைக்கு என் வாயில ஒரு தமாசும் வரல.

கேஷுவாலிட்டியில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. கம்ப்யூட்டரப் பாத்தா, இவளப் பாத்தா, பொறவு என்னப் பாத்தா.

"இந்த மாத்திரைய யாரு ஆரம்பிச்சது?"

"இவதான் ஆரம்பிச்சா. மாத்திரை எனக்கு உள்ளது."

உடனே ஊசி போட்டாங்க, ரத்தம் எடுத்து எங்கயோ அனுப்புனாங்க. ரிசல்ட் வந்ததும் என்னக் கூப்பிட்டுச் சொன்னா. "இவங்க உடம்புல இன்சுலின் ஊறல. இது டைப் ஒன். மாத்திரையால ஆகாது. ஊசி நிப்பாட்டுனா ஆள் இருக்க மாட்டாங்க."

வார்டுல கெடந்து ஒருவழியா தேறுனா. டிஸ்சார்ஜ் அன்னைக்குக் காகிதம் வந்துது. எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனா நம்பர் தெரியும், பில்லு பாத்த பழக்கம். பேருக்குக் கீழ ரெண்டு நிக்குது. மருந்துப் பையப் பாத்தா மாத்திரை மட்டும்தான், ஊசியக் காணோம்.

"சிஸ்டரே, இவ ஒண்ணாக்கும். இதுல ரெண்டு கெடக்கு."

"பழைய ரெக்கார்டுல இருந்து அது தானா வரும் சேட்டா. மேடம் லீவு. திங்கக்கிழமை வாங்க, மாத்தலாம்."

"திங்கக்கிழமைக்கு ஆளு வேணுமே."

"கம்ப்யூட்டர்ல உள்ளதத்தானே எனக்குத் தர முடியும்."

நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். உக்காந்தா என்னத் தூக்க நாலு பேரு வேணும்னு அவங்களுக்கே தெரியும். வீல்சேர்ல இருந்து பொண்டாட்டி, "மானத்த வாங்காதீங்க, எந்திரிங்க"ன்னா. "வாய மூடு ஏட்டி"ன்னேன். அழுதுக்கிட்டேதான் சொன்னேன். மூக்கு ஒழுகுது, வேட்டி அவுருது, நல்ல காட்சிதான். போறவங்க வாறவங்க எல்லாம் சுத்திப் போனாங்க.

கடைசியில சிஸ்டர் அந்த டாக்டரம்மாவுக்குப் போன் போட்டா. ஒரு டூட்டி டாக்டரு வந்து ஊசி எழுதிக் குடுத்தாரு, கம்ப்யூட்டர்ல டைப் ஒண்ணுன்னும் போட்டாரு. ஆனா அந்த ரெண்ட அழிக்க முடியாதாம். வேற ஆளு போட்டதாம், மேல சொல்லித்தான் எடுக்கணுமாம். மேலன்னா எங்கன்னு கேட்டேன். அவரும் மேலதான் பாத்தாரு, அங்க ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துது.

இன்னைக்கும் மேல ரெண்டு, கீழ ஒண்ணு. புதுசா வாற டாக்டரு எல்லாம் மேல இருந்துதான் படிக்காங்க. நான் இடையில பூந்து, "சாரே, டைப் ஒண்ணு, கீழ நோக்கணும்"ன்னு கத்துவேன். என் தொந்தியப் பாத்து, "யாருக்கு, உங்களுக்கா?"ம்பாங்க.

கடையில மாவு வீசிக்கிட்டு இருக்கப்போ போன் அடிச்சா பாதி வீச்சுலயே திரும்பிப் பாக்குறேன். போன வாரம் கல்லுல போட வேண்டிய பொரோட்டாவ முதலாளி மேல போட்டேன்.

நேத்து ஊசி போட்டுக்கிட்டே அவ கேட்டா, "நீங்க கடையில இருக்கப்போ நான் மயங்கி விழுந்தா, யாராவது தூக்கிட்டுப் போயி அந்த ரெண்டப் பாத்தா?"

"விழாத"ன்னேன்.