ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்குகிறவர்கள்

பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் மிளகு பறிக்க வாங்கிய மூங்கில் ஏணி இன்னும் என் பலா மரத்தில்தான் சாய்ந்திருக்கிறது. பறித்த மிளகோ காய்ந்து விற்றே போய்விட்டது.

திருப்பிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அந்த ஏணி ஒரு முழம் கூடிவிடுகிறது.

அக்கா கண்ணில் படாமலிருக்க, இரண்டு மாதமாக ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி, காப்பித் தோட்டம் வழியாக வீடு சேர்கிறேன்.

இன்று வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வந்தேன். முன்வாசலில் நான் இறங்கினால், பின்வாசலில் அக்கா இறங்குகிறார்!

வசமாக மாட்டிக்கொண்டேன் என்று நின்றால், அவர் முகத்தில்தான் அசடு வழிந்தது.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. மிளகு காயப்போட வாங்குன உங்க தார்ப்பாய் இன்னும் எங்க ஊட்லதான் கெடக்குதுங்க. உங்க மூஞ்சியில முழிக்கக் கூச்சப்பட்டுத்தான் தினமும் இங்கயே எறங்கி நடக்கறேன்.”

தார்ப்பாய் கொடுத்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. ஏணியைச் சொன்னேன். அவருக்கு அது நினைவிலேயே இல்லை!

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே நடந்தோம். அவர் வீடு வந்ததும், “இப்பவே ஏணியக் கொண்டாந்துடறேங்க்கா” என்றேன்.

“மழை வர்ற மாதிரி இருக்குதுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

அப்பாடா என்றிருந்தது.

உங்கள் வீட்டில் யாருடைய பொருள் கிடக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள். நாளைக்குச் சொன்னாலும் போதும்.