அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே வருடங்கள் போய்விட்டன. பேனாவை எடுப்பேன், மனைவியின் முகம் நினைவுக்கு வரும், மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வாழையும் நெல்லும்தான் எனக்குத் தெரியும். சபையில் ஜெபிக்கச் சொன்னாலே நாலு வாக்கியத்துக்கு மேல் வராது. ஆனால் என் மகனைப் பற்றி நடக்காத ஒன்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. நடந்ததை உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடு என்று கர்த்தர் என்னை நெருக்குகிறார்.

என் மகன் மிஷனெரி. கல்யாணமான மறுவருடமே மருமகளோடு ஆப்பிரிக்காவில் மலாவி தேசத்துக்குப் போனான். பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள எங்களைப் போன்ற குடும்பங்களில் பிள்ளை மிஷனெரியாகப் போவது பெரிய பெருமை. ஆனால் அந்தப் பெருமை கோயில் வாசலோடு சரி. வீட்டுக்குள் வந்தால் அவன் தாய் மீன்குழம்பை இறக்கி வைத்துவிட்டு, "அங்கன என்னத்தத் திங்கானோ" என்பாள்.

அங்கே மக்காச்சோள மாவைக் களியாகக் கிண்டித் தின்றான். போனில் முகம் பார்த்துப் பேசும்போது, "எம்மா, நம்ம கேப்பக்களிதான், வெள்ளையா இருக்கும்" என்பான். அந்த ஊர்ப் பாஷையைத் தப்பும் தவறுமாகப் பேசுவான். "எப்பா, நான் பிரசங்கம் பண்ணுதேன், அவிய வயித்தப் பிடிச்சிட்டுச் சிரிக்காவ. சிரிச்சு முடிச்சிட்டு ஜெபம் பண்ணுதாவ" என்று அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்ட நாட்களில் வயலில் எனக்கு வேலையே தெரியாது.

ஞானஸ்நானம் மட்டும் யாரும் எடுக்கவில்லை. விடுமுறையில் வந்திருந்தபோது சபைப் பெரியவர் ஒருவர் எல்லார் முன்னாலும், "என்னடே, எத்தன ஆத்துமா?" என்று கேட்டார். "கூட உக்காத்திச் சோறு போடுதாவ அண்ணாச்சி" என்றான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவன் கை தட்டிலேயே நின்றது.

பிறகு வந்த மழைக்காலத்தில் அவனுக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டு தலைக்கு ஏறிவிட்டது. ஆற்றில் வெள்ளம், வண்டி போகாது. அந்த ஊர் ஆண்கள் அவனைக் கட்டிலோடு தூக்கி, நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி, அக்கரையில் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோனார்கள். அவர்களில் பாதிப்பேர் அவன் கூட்டத்துக்கு ஒருநாளும் வந்தவர்கள் அல்ல. சில நாள் கிடந்தான். கர்த்தர் எடுத்துக்கொண்டார். உடலை இங்கே கொண்டுவர வழியில்லை. அந்த ஊராரே குழி வெட்டினார்கள். அடக்கம் முடியும்வரை ஒருவரும் வயலுக்குப் போகக் கூடாது என்பது அங்கே வழக்கமாம். அது களையெடுப்புக் காலம். களையெடுப்பில் வயலை விட்டு நிற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பெண்கள் பாயைக் கொண்டுவந்து என் மருமகளைச் சுற்றிப் படுத்துக்கொண்டார்களாம்.

இதையெல்லாம் மருமகள் போனில் சொன்னாள். நானும் மனைவியும் சேர்ந்துதான் கேட்டோம்.

அந்த வருடத்து கன்வென்ஷன் கூட்டத்துக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். பந்தல் நிறைந்த ஜனம். அவர் திடீரென்று, "இந்த மண்ணின் மைந்தனைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள்" என்று ஆரம்பித்தார். கடைசியாக மன்னித்தேன் என்று சொல்லி மரித்தானாம். பெண்கள் பகுதியில் அழுகை. கூட்டம் முடிந்ததும் அவரிடம் போய், "ஐயா, அவன் காய்ச்சல்ல போனான்" என்றேன். என் தோளைத் தட்டி, "அண்ணாச்சி, சாத்தான் காய்ச்சல் ரூபத்துலயும் வருவான். எத்தன வாலிபர் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தாவ, பாத்தீங்கள்லா?" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

நடந்து வீடு வந்தோம். மகன் போன பிறகு அன்றைக்குத்தான் மனைவி வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்தப் பிரசங்கம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. மனைவி அதைத் தினமும் போனில் போட்டுக் கேட்பாள். எங்கள் சபையில் கிரானைட் கல் ஒன்று செய்து, "சுவிசேஷத்தினிமித்தம் கொலையுண்ட இரத்தசாட்சி" என்று பொறித்தார்கள். சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் அசனப் பண்டிகை அன்று கோயில் சுவரில் பதிப்பதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது மருமகள் வந்து சேர்ந்தாள். கோயிலில் கல்லை மூடியிருந்த சாக்கை விலக்கிப் படித்தவள், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கமிட்டியைக் கூட்டச் சொன்னாள். செயலாளர், "எம்மா, ஊருக்கே தெரிஞ்சத நீ வந்து மாத்தாத" என்றார்.

"ஊருக்குத் தெரியும், எனக்குத் தெரியாதோ மாமா? நாந்தான அவங்க கால்மாட்டுல உக்காந்திருந்தேன்? அந்த ஊர்ப் பிள்ளைகளும் போன் வச்சிருக்கு. நாளைக்கு இது இங்கிலீஷ்ல அங்க போச்சுன்னா, எந்த முகத்தோட நான் அவிய வீட்டுக் களியத் திம்பேன்?"

பின்னாலிருந்து ஒருவர், "காய்ச்சல்ல போனவுகளுக்கெல்லாம் கல்லு வச்சா கோயில் சுவரு காணாதுவே" என்றார். ரெண்டு பேர் சிரித்தார்கள். குருவானவர் என்னைப் பார்த்தார். "நீங்க தகப்பன். நீங்க சொல்லுங்க."

எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் எழுந்தேன். "ஐயா, எம் மவன அவிய தோள்ல சுமந்தாவ. அவியளக் கொலைகாரன்னு எழுதின கல்லுக்கு முன்னால நான் எப்படி முழங்கால் போடுவேன்?" என்றேன். கல் வேண்டாம் என்று முடிவானது.

வீட்டுக்கு வந்தால் மனைவி எங்கள் இருவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அடுக்களையில் மருமகளைப் பார்த்துக் கேட்டாள்: "அவியதான் கொன்னாவன்னா நான் என்ன செய்ய முடியும்? காய்ச்சல்னா நான் பக்கத்துல இருந்திருக்கணும்லா? நெத்தியில துணி நனைச்சுப் போட்டிருக்கணும்லா? நீ எதுக்குட்டி அவனக் காய்ச்சல்ல சாவ விட்டே?"

இத்தனை மாதம் அந்தப் பொய்யை அவள் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மருமகள் கோபப்படவில்லை. "துணி நனைச்சுப் போட ஆள் இருந்துச்சு அத்தை. பக்கத்து வீட்டு அம்மா ஒண்ணு, ஆஸ்பத்திரிக்கும் நடந்தே வந்துட்டு. தலைமாட்ட விட்டு நகரல. துணியக் காய விடல. மவனே மவனேன்னுதான் அவங்கள அவிய பாஷையில கூப்பிடும்."

"அவளுக்குப் பிள்ள உண்டா?"

"ஒருத்தன் இருந்தானாம். இதே காய்ச்சல்ல போயிட்டான்."

மனைவி அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனாள். அவள் அழுத சத்தம் பக்கத்துத் தெரு வரை கேட்டிருக்கும். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெபம் பண்ணத் தோன்றவில்லை. கர்த்தர் அதையும் அறிவார்.

பண்டிகை முடிந்து மருமகள் அந்த ஊருக்கே திரும்பிப் போனாள். நாங்கள் தடுக்கவில்லை. இப்போது அங்கே சிலர் ஞானஸ்நானம் எடுத்திருக்கிறார்கள் என்கிறாள். எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. மனைவி சில நாட்களில் இன்னும் அந்தப் பிரசங்கத்தைப் போனில் போட்டுக் கேட்கிறாள். பாதியில் நிறுத்திவிடுகிறாள். அவள் மனம் ஆறட்டும் என்றுதான் இவ்வளவு காலம் எழுதாமல் இருந்தேன். போன மாதம் அவளே, "எழுதுங்க. அந்தப் பொம்பளயப் பத்தியும் எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். படிக்கிற சகோதர சகோதரிகளே, இதைப் பிறருக்குச் சொல்லுங்கள், சபையில் வாசியுங்கள், போனில் அனுப்புங்கள். ஆனால் கேட்கிறவர்கள் அழ வேண்டும் என்று எதையும் கூட்ட வேண்டாம். காய்ச்சல் என்ற இடத்தில் காய்ச்சல் என்றே இருக்கட்டும். நீளமாயிருக்கிறது என்று குறைப்பதானால் என்னைப் பற்றியதை எடுத்துவிடுங்கள். அவனை ஆற்றில் இறங்கித் தூக்கிக்கொண்டு வந்தவர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.