ஜீவராணியின் இரண்டாம் ஞாயிறு

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஜீவராணி, கணவன் தம்பையாவின் முதுகு ஆபரேஷனுக்காக ஒன்றரை இலட்சம் ரூபா குழுக்கடன் எடுத்தாள். ஐந்து பெண்கள் சேர்ந்து கையெழுத்து வைத்தால்தான் அந்தக் கடன் கிடைக்கும். ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற நால்வரும் அவளுக்காகக் கட்ட வேண்டும். இரண்டு வருடம், திங்கட்கிழமை தோறும் தவணை.

கையெழுத்து வைத்த அன்றே அவள் தன் செலவுகளை வெட்டத் தொடங்கினாள். டிவி இணைப்பு போனது. பால்மா பாதியானது. தீபாவளிச் சேலை போனது. சம்பளத்தில் முதலில் நான்கு தவணைக்கான காசை எடுத்து வைத்துவிட்டுத்தான் அரிசியையும் மாவையும் பற்றி யோசிப்பாள். ஒன்றில் மட்டும் அவள் கை வைக்கவில்லை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மகள் நிலுக்ஷியோடு பஸ் ஏறிப் பதுளைக்குப் போவாள். ஸலீமின் கூல்பாரில் ஆளுக்கொரு பலூடா சாப்பிட்டுவிட்டு, ஸ்டேஷனில் கொழும்பு ரயில் புறப்படும்வரை உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் காசையும் கடனில் போடலாமே என்று தம்பையா ஒருமுறை கேட்டான்.

“கடன் முடியிறப்ப அவளுக்குப் பதிமூணு வயசாயிரும்” என்றாள் ஜீவராணி. “இந்த ரெண்டு வருஷத்த அவளுக்கு யாரு திருப்பிக் குடுப்பா?”



கடன் வசூலிக்க வருபவன் இளைஞன். சத்தம் போட மாட்டான். யாருடைய பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது, யார் வீட்டில் கோழி இருக்கிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஒரு திங்கட்கிழமை ஜீவராணியின் காசை எண்ணிக்கொண்டே சொன்னான்: “நேத்து டவுன்ல பாத்தேன் அக்கா. மகளும் நீங்களும் சந்தோஷமா இருந்தீங்க.” அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு. குழுவின் மற்றப் பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த மழைக்காலத்தில்தான் விஜயலெட்சுமி தவணை தவறத் தொடங்கினாள். ஜீவராணியின் லயத்திலேயே, ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவில் இருந்தவள், குழுவின் மூத்த பெண். கடனை அடைக்க இன்னொரு இடத்தில் கடன் வாங்கியிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. முதலில் அவளுடைய கோழிகள் காணாமல் போயின. பிறகு கேஸ் சிலிண்டர். அவள் மரக்கறி போட்டுவந்த துண்டு நிலமும் அடகுக்குப் போனது. வசூல்காரன் அவள் வாசலில் ஒரு கதிரை போட்டு, பொழுது சாயும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தான். நமுனுகுல மலைப் பக்கமிருந்து இறங்கிய பனி லயத்தை மூடியபோதும் அவன் எழுந்திருக்கவில்லை. உள்ளே விளக்குப் போடாமல் அவளும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அவளுடைய தவணை மற்ற நால்வர் தலையில் விழுந்தது. பலூடா சாப்பிடுகிறவள் கூடுதலாகப் போடட்டும் என்று ஒருத்தி சொன்னாள். ஜீவராணிக்கும் விஜயலெட்சுமிமேல் கோபம் இருந்தது. வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் மற்ற ஞாயிறுகளில், அன்றன்றே தரும் கைக்காசுக்குக் கொழுந்தெடுத்து அந்தப் பங்கைக் கட்டினாள். இரண்டாம் ஞாயிற்றை மட்டும் விடவில்லை.

அப்படியொரு ஞாயிறுதான். பதுளையில் தூறிக்கொண்டிருந்தது. விவசாய மருந்துக் கடையிலிருந்து விஜயலெட்சுமி வெளியே வருவதை ஜீவராணி பார்த்தாள். கையில் பேப்பர் சுற்றிய போத்தல். காலில் செருப்பில்லை. ஜீவராணி திரும்பிக்கொள்ளத்தான் நினைத்தாள். இரண்டடி நடந்த பிறகுதான், மருந்தடிக்க அவளிடம் இப்போது அந்தத் துண்டு நிலமே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

மகளை விட்டுவிட்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

“என்னாக்கா இது?”

“புல்லுக்கு அடிக்கிற மருந்து.”

“எந்தப் புல்லுக்கு?”

விஜயலெட்சுமி வீதியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “பிள்ளைகளுக்குச் சோறாக்கி வச்சிட்டுத்தான் வந்தேன்.”

ஜீவராணி அவளை ஸலீமின் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். போத்தலைப் பிடுங்கி ஸலீமிடம் கொடுத்து, யார் கையிலும் படாமல் வைக்கச் சொன்னாள். அவர் அதை உள்ளே கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மூன்றாவது பலூடாவுக்குக் காசு போதவில்லை. நிலுக்ஷி தன்னுடையதை நகர்த்திக் கொடுத்தாள். வெகுநேரம் கரண்டியைத் தொடாமல் இருந்த விஜயலெட்சுமி, பிறகு பசியோடு சாப்பிட்டாள். அன்று அவர்கள் ரயில் பார்க்கப் போகவில்லை. மூவரும் ஒரே ஸீற்றில் நெருக்கி உட்கார்ந்து தோட்டத்துக்குத் திரும்பினார்கள். லயத்துக் கதவு வரும்வரை ஜீவராணி அவள் கையை விடவில்லை.

மறுநாள் நால்வரும் விஜயலெட்சுமியை நடுவில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமைத் தவணைக் கூட்டத்துக்குப் போனார்கள்.

“இனிமே லயத்துப் பக்கம் வரக்கூடாது, தம்பி” என்றாள் ஜீவராணி வசூல்காரனிடம். “அவங்களுக்கு ஏதாவது ஆனா, எங்க அஞ்சு கையெழுத்தையும் வச்சு நீங்க என்னா செய்வீங்க?”

அவன் போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்தான். விஜயலெட்சுமியின் தவணை பாதியானது. காலம் இரு மடங்கானது. அதோடு வட்டியும் கூடியது. அவன் சிரித்த முகத்தோடு நீட்டிய புதிய தாளில் ஐவரும் கையெழுத்து வைத்தார்கள்.

விஜயலெட்சுமி வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். பிள்ளைகள் தகப்பனோடு லயத்திலேயே தங்கினார்கள். இரண்டு மாதம் ஒழுங்காகக் காசு வந்தது. போனில் பேசும்போது, அந்த வீட்டில் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள் என்று ஒருமுறை சொன்னாள். மூன்றாம் மாதம் காசும் வரவில்லை, அழைப்பும் வரவில்லை.

மாசி மாதத்தில் ஜீவராணியின் சொந்தக் கடன் முடிந்தது. ஒரு தவணைகூடத் தவறவில்லை. கடன் முடிந்ததற்கான கடிதம் கேட்டபோது, குழுவில் எல்லோருடையதும் முடிந்த பிறகுதான் தருவோம் என்றான் வசூல்காரன்.

இப்போதும் திங்கட்கிழமைகளில் வேலைக்குப் போகும் முன், சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி அவள் குவைத் எண்ணை அழைக்கிறாள். மணி போகிறது. யாரும் எடுப்பதில்லை. விஜயலெட்சுமியின் பிள்ளைகள் கீழே வாசலில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.